தாய்க்கோழி தரும் சீதனம்

தாம்பரம் மேற்கு சண்முகம் சாலையில் சாயந்திர நேரத்தில் நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பூக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் சில நாள் ஒருவர் கூடையோடு குந்தியிருப்பார். கூடைக்குள் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கிய கோழிக்குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகராது. வாங்கிக் கொடுத்துவிட்டு வருவோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அட்டைப்பெட்டியின் மூலையில் அது விறைத்துக் கிடக்கும்.

அவையெல்லாம் பெரும்பாலும் முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் வேண்டாமென்று கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது. அதனால் சாயம் பூசித் தெருவுக்கு வந்துவிடுகின்றன. "அதுங்களுக்கு ஆயுசு அவ்ளோதான்" என்று நாமும் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் கொட்டகையிலேயே அது நடக்கும் வரைக்கும்.

எனக்கு சேலையூர் தாண்டி அகரம்தென் பக்கம் 40 சென்ட் நிலம். சுற்றி அடுக்குமாடி வந்துவிட்டது. கீரையும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறேன், கூடவே நாட்டுக்கோழி. பக்கத்து வீடுகளில் நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல கிராக்கி இருந்ததால், கையில் இருந்த ஏழெட்டுக் கோழி போதாது என்று ஒரு பொரிப்பகத்தில் 100 ஒருநாள் வயதுக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். புது உமி, புதுத் தகரத் தடுப்பு, பல்பு, கிருமிநாசினி போட்டுக் கழுவிய தண்ணீர்க் குவளை என்று எல்லாம் சுத்தபத்தமாகச் செய்தேன். நாலாம் நாள் நாலைந்து குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன. பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது. பத்தாம் நாள் முடியும்போது 34 குஞ்சுகள் போய்விட்டன.

அதே பத்து நாளில் எங்கள் கருப்புக் கோழி ஒன்று விறகு அடுக்குக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் அடைகாத்து 11 குஞ்சுகளோடு வெளியே வந்தது. அந்த இடத்தில் கிருமிநாசினியும் இல்லை, பல்பும் இல்லை. ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. மீதிப் பத்தும் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு திரிந்தன.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாடா இது, மருந்து ஊத்திக் கழுவுனதெல்லாம் சாவுது. சாணியில புரள்றது நல்லா கீது. அந்தப் பொட்டிக் குஞ்சுங்களுக்கு ஆத்தா இல்லடா, அதான்."

ஆத்தா இல்லை என்றால் சூடு இல்லை என்று நான் புரிந்துகொண்டேன். சூட்டுக்குத்தான் பல்பு இருக்கிறதே! அந்தப் பல்பு கொடுக்காத இன்னொன்றை ஆத்தா கொடுக்கிறாள் என்பதைப் பிற்பாடு படித்தும் கேட்டும் பார்த்தும்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெறுங்குடலோடு வரும் குஞ்சு

முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சின் குடலில் நுண்ணுயிர் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளைக்கு அதற்குச் சோறு போடும். அதனால்தான் ஒருநாள் குஞ்சுகளைத் தீனி இல்லாமல் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. வயிறு தாங்கினாலும் குடல் காலி வீடாகவே இருக்கிறது. முதலில் யார் வந்து குடியேறுகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் அங்கே சட்டம்.

தாய்க்கோழிக்கு அடியில் பொரிக்கிற குஞ்சு என்ன செய்கிறது என்று பாருங்கள். அம்மாவின் நெஞ்சு இறகில் முகம் தேய்க்கிறது. அவள் அலகால் உடைத்துப் போட்ட நொய்யைப் பொறுக்குகிறது. அவள் கால் கிளறிய மண்ணைக் கொத்துகிறது. அருவருப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: அவள் போட்ட எச்சத்தையும் ஒரு கொத்து கொத்திப் பார்க்கிறது. இப்படி அவள் குடலில் பல மாதமாக வாழ்ந்து பழகிய நல்ல பாக்டீரியாக்கள் ஒரே நாளில் குஞ்சுக்கு வந்து சேருகின்றன. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அம்மா வீட்டிலிருந்து பானை சட்டி கொடுத்து அனுப்புவதில்லையா? இதுவும் அப்படி ஒரு சீதனம்தான்.

பொரிப்பகத்தில் இது நடக்க வழியே இல்லை. அங்கே முட்டைகளுக்குப் புகைமூட்டம் போட்டுக் கிருமி நீக்குகிறார்கள். இன்குபேட்டரில் 21 நாள் வைத்துப் பொரித்ததும் பெட்டியில் அடைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஒரு கெட்ட கிருமி புகுந்தால் எல்லாமே போய்விடும். ஆனால் கெட்டதைத் துடைக்கிற துணி நல்லதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. பயிர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூச்சிக்கொல்லி அடித்த வயலில் பொறிவண்டும் சாகிறது. பிறகு அசுவினிக்குத்தான் கொண்டாட்டம்.

பின்லாந்தில் நடந்தது

இதை முதலில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் எஸ்கோ நுர்மியும் ரண்டலாவும். 1971இல் அந்த நாட்டுக் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபாண்டிஸ் என்ற கிருமி பெருமளவில் பரவியது. கோழியைத் தின்ற மனிதருக்கும் வயிற்றுப்போக்கு தருகிற கிருமி அது. வளர்ந்த கோழிகளை விடச் சின்னக் குஞ்சுகளை அது சுலபமாகப் பிடித்தது. முதல் நாள் குஞ்சைத் தொற்ற மிகச் சில பாக்டீரியாக்களே போதும். அதே கோழி சில வாரம் வளர்ந்துவிட்டால் அவ்வளவு லேசில் தொற்றாது.

குஞ்சுக்கு இல்லாத எது வளர்ந்த கோழிக்கு இருக்கிறது என்று அவர்கள் யோசித்தார்கள். நல்ல ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் கரைத்துப் புதுக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு வேண்டுமென்றே சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். கரைசல் குடிக்காத குஞ்சுகளைக் கிருமி பிடித்தது. குடித்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் குடலில் அது கால் ஊன்றவே முடியவில்லை. 1973இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. இதை அறிவியலில் 'போட்டியிட்டு வெளியேற்றுதல்' என்கிறார்கள். நம் மொழியில் சொன்னால், பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது, கடைசியில் ஏறியவனுக்கு இடமில்லை.

அதற்குப் பிறகு நிறைய ஆய்வு வந்திருக்கிறது. 2019இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று நமக்கு ரொம்ப முக்கியம். புதுக்குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு நாள், 24 மணி நேரம் கூட இருந்தாலே கோழியின் பாக்டீரியாக்கள் குஞ்சுக்கு வந்துவிடுகின்றன. அதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. சில பாக்டீரியாக்கள் கடினமான வித்துறை போட்டுக்கொண்டு மண்ணிலும் கூளத்திலும் காத்திருக்கும். அவை காற்றோடு தூசியோடு எப்படியாவது குஞ்சுக்கு வந்துவிடும். ஆனால் பாக்டீராய்டீஸ் போன்ற வகைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை பிராணவாயு பட்டால் தாங்காது. கோழியிடமிருந்து குஞ்சுக்கு நேரடியாக வந்தால்தான் உண்டு.

ஆத்தா இல்லடா, அதான் என்று அம்மா சொன்னதற்கு இதுதான் விளக்கம்.

குடலுக்குள் ஒரு எருக்குழி

கோழி அறுத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பைகள் நீளமாக இருக்கும். வளர்ந்த கோழியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒரு முனை அடைபட்டிருப்பதால் குருட்டுக் குடல் என்று பெயர். சுத்தம் செய்யும்போது முதலில் வெட்டி எறிவது அதைத்தான். கோழியின் நுண்ணுயிர்க் கூட்டத்தில் பெரும்பகுதி குடியிருப்பதும் அங்கேதான். அதற்குள் இருப்பதை ஒரு கிராம் எடுத்தால் அதில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கும்.

குடியேற்றம் ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் லாக்டோபேசில்லஸ் வகைகள் வந்து உட்காருகின்றன. தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தின் சொந்தக்காரர்கள்தான் இவர்கள். அமிலம் சுரந்து தீனிப்பையைப் புளிப்பாக்கிக் கெட்ட கிருமியை வாசலிலேயே மடக்குகிறார்கள். கீழே குடலில் முதலில் வருகிறவர்கள் அங்கிருக்கும் பிராணவாயுவைத் தின்று தீர்க்கிறார்கள். அதன்பிறகுதான் பிராணவாயு ஆகாத வகைகள் குருட்டுக் குடலில் நிலைகொள்ள முடியும். சிறுகுடல் செட்டாக இரண்டு வாரம் ஆகும். குருட்டுக் குடல் செட்டாக நாலு வாரத்துக்கு மேல் ஆகும். இந்த நாலு வாரம்தான் நமக்குக் கண்டம்.

இவர்கள் குடியிருந்து என்ன வேலை செய்கிறார்கள்? கோழியின் சொந்த நொதிகளால் செரிக்க முடியாத தவிடு, கீரை நார் எல்லாம் குருட்டுக் குடலுக்கு வரும். எருக்குழியில் இலைதழை மக்குகிற மாதிரி இவர்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகிறார்கள். இதில் பியூட்டிரிக் அமிலம்தான் குடல் சுவரின் செல்களுக்குச் சாப்பாடு. சாப்பாடு சரியாகக் கிடைத்தால் சுவர் கெட்டியாக இருக்கும், ரத்தத்துக்குள் கிருமி இறங்காது. இந்த அமிலங்களே சால்மோனெல்லாவையும் அடக்கிவைக்கின்றன.

இன்னொரு வேலை, எதிர்ப்பு சக்திக்குப் பாடம் நடத்துவது. குஞ்சின் பின்பக்கத் துவாரத்துக்கு மேலே உள்பக்கமாக ஃபேப்ரிசியஸ் பை என்று சின்ன உறுப்பு ஒன்று இருக்கிறது. நோயெதிர்ப்பு செல்களில் ஒருவகை அங்கேதான் முதிர்கிறது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் பிராணிகளில் குடலின் எதிர்ப்பு சக்தி சரியாக வளர்வதில்லை. யார் சொந்தம், யார் திருடன் என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டும். அந்த அடையாளத்தைக் காட்டுவது இந்தக் குடித்தனக்காரர்கள்.

மண்ணைப் பற்றி நம்மாழ்வார் ஐயாவிடமும் அவர் வழி வந்தவர்களிடமும் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. மண்ணில் உயிர் இருந்தால் பயிர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் நாம். ஆனால் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் அதே நாம்தான் மருந்து பாட்டிலைத் தேடுகிறோம். 34 குஞ்சு செத்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு பாக்கெட் பவுடரின் கதை

குஞ்சு சாக ஆரம்பித்ததும் கடையில் ஒரு பாக்கெட் பவுடர் கொடுத்தார்கள். "தண்ணில கலக்கி உடுங்க சார், எல்லாரும் இதான் போடறாங்க" என்றார் கடைக்காரர். வாங்கிக் கலக்கினேன். அது ஆன்டிபயாடிக் என்பதே பாக்கெட்டை வீட்டில் வைத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது. எந்த நோய்க்கு, எத்தனை நாள், நிறுத்திய பின் எத்தனை நாள் கழித்துக் கறிக்குக் கொடுக்கலாம் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பதில் நம் ஊர் சம்பந்தமும் கொஞ்சம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த காலத்தில்தான் ஆரியோமைசின் என்ற மருந்து அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் அது வெளியே வந்தது. அந்த வருடமே அவர் காலமானார். மருந்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையை அதே நிறுவனத்தின் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. 1950இல் இந்தச் செய்தி வெளியானது. நோய் இல்லாத கோழிக்கும் தினமும் தீனியில் ஒரு சிட்டிகை ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது.

எடை கூடியது உண்மைதான். கூடவே வந்ததும் உண்மை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைப் பார்க்கிற பாக்டீரியா, அந்த மருந்துக்கு அடங்காமல் வாழப் பழகிக்கொள்கிறது. அந்தக் குணம் எச்சத்தோடு மண்ணுக்கும் கறியோடு நம் சமையலறைக்கும் வருகிறது. சுவீடன் 1986இலேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் தடை செய்தது. 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. நல்லா இருக்கும் கால்நடைக்கு வளர்ச்சிக்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. வேறு எந்த மருந்தும் கேட்காத மனித நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் மற்ற உணவுக் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. அதுவரை அது தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

என் கொட்டகைக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக்குக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. ஏற்கெனவே காலியாக இருந்த வீட்டில் அப்போதுதான் குடியேற வந்த நாலு பேரையும் நான் துரத்தி அடித்தேன். சாவு இரண்டு நாள் நின்றது, பிறகு மறுபடி ஆரம்பித்தது. இப்போது யோசித்தால், என் குஞ்சுகள் பாக்டீரியா இல்லாததால் மட்டும் செத்தன என்று சொல்ல மாட்டேன். ராத்திரி மின்சாரம் போய்ப் பல்பு அணைந்தது, தூரத்திலிருந்து வந்த களைப்பு எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் குடல் நிரம்பிய குஞ்சு தாங்கியிருக்கக்கூடிய அடியை வெறுங்குடல் குஞ்சு தாங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது நான் செய்வது

அதற்குப் பிறகு பொத்தேரியில் ரயில் இறங்கி, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கோழி வளர்ப்புப் பயிற்சி எடுத்தேன். பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் காட்டுப்பாக்கம் இல்லை. இது ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி சுற்றி இருப்பவர்கள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அங்கே கற்றதையும், படித்ததையும், அம்மா சொன்னதையும் சேர்த்து இப்போது இப்படிச் செய்கிறேன்.

முடிந்தவரை அடைக்கோழியிலேயே பொரிக்க வைக்கிறேன். இன்குபேட்டர் குஞ்சு வாங்கினால், அதே நாளில் ஒரு கோழி அடையில் பொரிக்கிற மாதிரி கணக்குப் போட்டு வைக்கிறேன். ராத்திரி இருட்டில் பொட்டிக் குஞ்சுகளை எடுத்து அவள் இறக்கைக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால் காலையில் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொள்வாள். வயது ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் மூத்த குஞ்சை விட்டால் கொத்தித் துரத்துவாள். ஒரு கோழிக்கு மொத்தம் 15 குஞ்சுக்கு மேல் வேண்டாம், இறக்கை பத்தாது.

குஞ்சு அதிகம் இருந்தால் எல்லாவற்றையும் அடைக்கோழி தாங்காது. அப்போது, சாதுவான, பல மாதம் எந்த நோயும் வராத கோழி ஒன்றிரண்டைப் புரூடர் தடுப்புக்குள்ளேயே ஒருநாள் விட்டுக் கண்காணிக்கிறேன். கொத்துகிற குணம் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

வந்த உடனே தண்ணீர், அடுத்துத் தீனி. மஞ்சள்கரு இருக்கிறதே என்று தாமதிக்கக் கூடாது. தீனி சீக்கிரம் இறங்கினால் குடலும் சீக்கிரம் வளரும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குமிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் வெக்கை, பரவலாக மேய்ந்தால் சரி.

இரண்டாம் வாரத்திலிருந்து பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, கொஞ்சம் தவிடு, சாணியும் வைக்கோலும் போட்ட பானையைக் கவிழ்த்துப் பிடித்த கரையான். குருட்டுக் குடலில் இருப்பவர்களுக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா? அவர்களுடைய சாப்பாடு நார்தான்.

மோர் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நீர்மோர் கொஞ்சம் கொடுக்கலாம். அதிகம் கொடுத்தால் பாலின் சர்க்கரை கோழிக்குச் செரிக்காது, கழியும். இன்னொன்று, தயிரில் இருக்கும் பாக்டீரியா விருந்தாளி மாதிரி. வரும், உதவி செய்யும், போய்விடும். கோழியிடமிருந்து வருவதுதான் குடியிருக்கும். பயிருக்குக் கலக்கி வைத்த பஞ்சகவ்யத்தையோ ஜீவாமிர்தத்தையோ குஞ்சுக்கு ஊற்றுவதை நான் செய்வதில்லை. மண்ணின் கூட்டம் வேறு, கோழிக் குடலின் கூட்டம் வேறு.

எச்சத்தைப் பார்க்கப் பழகுங்கள். சாதாரண எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். நாளில் சில தடவை மட்டும் கரும்பழுப்பாக, பசை மாதிரி, வேறு நாற்றத்தோடு ஒன்று விழும். அது குருட்டுக் குடலிலிருந்து வருவது. அதைக் கழிச்சல் என்று பயந்து நான் ஒருமுறை மருந்து ஊற்றியிருக்கிறேன். உண்மையில் அது உள்ளே எருக்குழி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் ரத்தம் கலந்து விழுந்தால் அது ரத்தக் கழிச்சல், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இதை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "அழுக்கு நல்லது" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. தாய்க்கோழி நல்லதை மட்டும் தருவதில்லை. அவளுக்கு நோய் இருந்தால் அதையும்தான் தருவாள். வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கம் தண்ணீர் தேங்காத இடமே இல்லை. கூளம் நனைந்தால் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். கூளம் காய்ந்திருக்க வேண்டும், கிளறிவிட வேண்டும். நனைந்ததை அன்றைக்கே அள்ளி எருக்குழிக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் வைரஸ் நோய். குடல் பாக்டீரியா எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தடுத்து நிறுத்தாது. ஆன்டிபயாடிக்கும் வைரஸைத் தொடாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. ஏழாம் நாள் கண்ணில் மூக்கில் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விடாதீர்கள். இயற்கை விவசாயி தடுப்பூசி போடக் கூடாது என்று ஒரு பேச்சு நம்மவர்களிடையே இருக்கிறது. உடம்புக்குத் திருடனின் போட்டோவைக் காட்டி வைப்பதுதான் தடுப்பூசி, அதில் விஷம் எதுவும் இல்லை.

பாக்டீரியா நோய் உறுதியாகி மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். சொன்ன இடைவெளி முடியும்வரை முட்டையோ கறியோ விற்காதீர்கள். மருந்து முடிந்ததும் நல்ல கோழியோடு சேர்த்து விடுங்கள், காலியான வீட்டுக்கு மறுபடி ஆள் வரட்டும்.

இப்போதும் என் குஞ்சுகள் சாகத்தான் செய்கின்றன. பூனை, பருந்து, குளிர் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வருடம் மாதிரி கொத்தாக விழுவதில்லை. பவுடர் பாக்கெட் வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன வருடம் என் மகள் சண்முகம் சாலையில் அடம்பிடித்து இரண்டு பச்சைக் குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டாள். ஒன்று அன்றைக்கு ராத்திரியே போய்விட்டது. மற்றொன்றை, அன்று காலை பொரித்திருந்த எங்கள் செவலைக் கோழியின் இறக்கைக்குள் அம்மா இருட்டில் தள்ளிவிட்டாள். காலையில் போய்ப் பார்த்தோம். எட்டுப் பழுப்புக் குஞ்சுகளோடு ஒன்பதாவதாக அந்தப் பச்சையும் அவள் காலடி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. சாயம் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அது வெள்ளைச் சேவல். விடியற்காலை நாலு மணிக்குக் கூவுகிறது. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒருவர் புகார் சொல்ல வந்தார். அம்மா அவருக்கு நாலு முட்டை கொடுத்து அனுப்பினாள்.